இல்லம் பேணுவோம்: கூரையின் மேல் கூரை இடலாமா?

சித்திரை பிறந்துவிட்டால் மும்பைவாழ் தமிழர் இல்லங்களில் இரண்டு பேச்சுக்கள் எழுவது வழக்கம். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் பயணச்சீட்டைப் பற்றியது ஒன்று. வீட்டுக் கூரையைப் பற்றியது மற்றொன்று. முதற் பேச்சு பெரும்பாலும் மகிழ்ச்சியோடு முடியும். இரண்டாவது பேச்சோ பெருமூச்சோடுதான் முடிகிறது. சென்ற ஆண்டு ஒழுகிய இடத்தில் இவ்வாண்டும் ஒழுகுமே, என் செய்வது என்று வீட்டுக்காரர் கேட்க, பார்வையிட வந்த காண்டிராக்டர் மேலும் கீழும் நோக்கிவிட்டு, "பழசை ஏன் ஐயா தொடவேண்டும்? அதன் மேலேயே இன்னொன்று போட்டுவிடலாம்" என்று விடை பகர்வார். செலவு குறைவு, நாளும் குறைவு, இடித்த குப்பையை அப்புறப்படுத்தும் தொல்லையும் இல்லை. கேட்பதற்கு இனிமையான விடைதான். அது சரியான விடையா என்பதை இத்திங்கள் இப்பகுதியில் ஆராய்வோம்.

முதலில் காலத்தைப் பற்றி ஒரு சொல். நம் ஊர்களில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. ஆகவே கூரை வேலையை ஆடி, ஆவணியில் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் நம் இரத்தத்தில் ஊறியது. மும்பையின் கணக்கு வேறு. இங்கே தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் சூன் 11 என்று வானிலைத் துறையினர் கொண்டுள்ளனர். ஆனால் 2025-ஆம் ஆண்டில் மே 26 அன்றே மழை நகருக்குள் வந்துவிட்டது. அதற்கு முன் 2021-ஆம் ஆண்டில் மே 17 அன்று தௌத்தே புயல் நகரை ஒட்டிக் கடலில் சென்றபோது, மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று வேலையை ஒத்திவைத்திருந்த பலருடைய தகரங்கள் காற்றோடு போயின. மழையின் அளவும் ஊரைப்போன்றதன்று. 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. பாளையங்கோட்டைச் சமவெளியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை அதைவிடக் குறைவு. இத்தகைய நகரில் கூரை என்பது வெறும் நிழலுக்கான பொருளன்று. குடும்பத்தின் முதற் காவல்.

மூன்று பேட்டைகள், ஒரே பழக்கம்

நம்மவர் நெருங்கி வாழும் மூன்று பகுதிகளை எடுத்துக்கொள்வோம். தாராவியில் பெரும்பாலான வீடுகளின் மேல் தகரமோ சிமெண்ட் அட்டையோ இருக்கிறது. இரண்டையும் பொதுவாகப் 'பத்ரா' என்றே அழைக்கிறோம். ஒழுகினால் பழைய பத்ராவின் மேல் புதுப் பத்ரா. அதன் மேல் நீலத் தார்ப்பாய். அது பறக்காமலிருக்க அதன் மேல் செங்கல், கருங்கல், பழைய டயர். இவ்வாறு மூன்று நான்கு அடுக்குகள் ஆண்டுக்காண்டு வளர்கின்றன.

மாதுங்காவின் கதை வேறு வடிவம். 1896-இல் நகரைப் பிளேக் தாக்கியதையடுத்து 1898-இல் அமைக்கப்பட்ட நகரச் சீரமைப்பு டிரஸ்டு, தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளைத் திட்டமிட்டு அமைத்தது. 1930-களிலும் 40-களிலும் அங்கே எழுந்த மாடிக் கட்டடங்களில் பெரும்பாலானவை கான்கிரீட் தளமும் தட்டையான மொட்டைமாடியும் கொண்டவை. அந்த மாடியின் மேல் உடைசெங்கல்லையும் சிமெண்டுக் கலவையையும் கொண்டு, நீர் ஓட வாட்டம் விட்டுத் தளம் போடுவர். மும்பைக் கொத்தர்கள் இதனைக் 'கோபா' என்பர். நம் ஊரில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் நீர் தெளித்து அடித்துப் போட்ட தளத்துக்கு உறவுமுறையில் தம்பி என்று சொல்லலாம். ஒழுகினால் இந்தக் கோபாவின் மேல் இன்னொரு கோபா. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அதன் மேல் மற்றொன்று.

செம்பூரில் இரண்டும் கலந்திருக்கின்றன. பழைய சொசைட்டிக் கட்டடங்களில் கோபா அடுக்குகளும் தார்ப் படலங்களும் உள்ளன. அவற்றுக்கும் மேலாக இரும்புக் கால்கள் நட்டு வண்ணத் தகரக் கொட்டகை போடும் வழக்கமும் அண்மைக் காலத்தில் மிகுந்துவிட்டது.

வடிவம் மூன்றானாலும் கருத்து ஒன்றே. பழுதைக் கண்டுபிடிக்காமல், பழுதின் மேல் ஒரு புதுப் பொருளைப் பரப்பி மறைப்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கதைதான். மறைத்தல் வேறு, பழுதுபார்த்தல் வேறு என்பதை நாம் உணர்ந்துகொண்டால் இக்கட்டுரையின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

கடல் கடந்த நாட்டின் விதி

இது நம் நகருக்கு மட்டும் உரிய வினாவன்று. நம் பிள்ளைகள் பலர் குடியேறியுள்ள அமெரிக்க நாட்டில் வீடுகளின் மேல் மரச் சட்டத்தில் பலகை அடித்து, அதன்மீது தாரும் மணலும் படிந்த சிறு சிறு தகடுகளை மீன் செதிளைப்போல ஒன்றன் மேலொன்றாக அடுக்குவர். அவற்றை 'ஷிங்கிள்' என்பர். இருபது முப்பது ஆண்டுகளில் அவை தேய்ந்ததும், பழையதைப் பிய்த்தெறிவதா, அதன்மேலேயே புதிதை அடிப்பதா என்ற இதே வினா அங்கும் எழுகிறது. அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு இதற்குத் தெளிவான விடை கூறுகிறது. கீழிருக்கும் கூரை நீரில் ஊறியிருந்தாலோ, புதுக் கூரைக்கு அடித்தளமாக நிற்கமுடியாதபடி கெட்டிருந்தாலோ, மேலே இடக்கூடாது. ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருந்தால் மூன்றாவது கூடாது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டே புதிது இடவேண்டும். மண் ஓடு, கற்பலகை, கல்நார் சிமெண்டு ஆகியவற்றின் மேல் இன்னொரு கூரையை நேரடியாகப் பரப்புவதையும் அவ்விதி தடுக்கிறது.

பொருள் வேறாயினும் இவ்விதியின் உட்பொருள் நமக்கும் பொருந்தும். மேலே போடுமுன் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும். கீழிருப்பது உலர்ந்ததா? உறுதியானதா? இது எத்தனையாவது அடுக்கு?

எடை என்னும் கண்ணுக்குத் தெரியாத கடன்

மூன்றாம் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் இதனை எவரும் கேட்பதில்லை.

கோபா கன மீட்டருக்கு ஏறத்தாழ 1900 கிலோ எடையுள்ளது. சராசரி 4 அங்குலக் கனத்தில் ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஏறத்தாழ 190 கிலோ வரும். 1000 சதுர அடி மொட்டைமாடியில் இது 18 டன்னை நெருங்கும். ஆள் ஒன்றுக்கு 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், முந்நூறு பேர் மாடியில் ஏறி நின்று, என்றுமே கீழே இறங்காமல் இருப்பதற்கு ஒப்பாகும். மனிதர் ஏறி நடமாடக்கூடிய மொட்டைமாடிக்கு, ஆட்களும் பொருள்களும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாங்கும்படி கணக்கிட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. ஒரேயொரு மேலதிகக் கோபா அடுக்கு, அந்தத் தாங்குதிறன் முழுவதையும் விழுங்கிவிட்டு மேலும் நாற்பது கிலோ கடன் கேட்கிறது. கட்டடத்தை வரைந்த பொறியாளர் முதல் அடுக்கைக் கணக்கில் சேர்த்திருப்பார். இரண்டாவதையும் மூன்றாவதையும் அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை நீரைக் குடிக்கக்கூடியது. ஆகவே மழைக்காலத்தில் ஊறிப்போன கோபா, வேனிற்காலத்தில் இருந்ததைவிடப் பல நூறு கிலோ, சில வேளை சில டன்கள்கூட, கனத்து நிற்கும். கட்டடம் மிகவும் தளர்ந்திருக்கும் பருவத்தில்தான் அதன் தலைச்சுமை மிகுகிறது. 'தலைக்குமேல் வெள்ளம் போனால் சாணென்ன, முழமென்ன' என்பது பழமொழி. அது மொட்டைமாடிக்குப் பொருந்தாது. இங்கே ஒவ்வொரு சாணும் கணக்குக்கு உரியது.

எடை மட்டுமன்று, உயரமும் உண்டு. இரண்டு கோபாக்கள் ஏறினால் தளம் 8 அங்குலம் உயர்கிறது. கைப்பிடிச் சுவரோ உயர்வதில்லை. முன்பு சிறுவனின் மார்பளவு நின்ற சுவர் இப்பொழுது இடுப்பளவாகிவிடுகிறது. பட்டம் விடும் பிள்ளைகள் உள்ள வீட்டார் இதனை அவசியம் நினைவிற்கொள்ளவேண்டும்.

நீர் எங்கே புகுகிறது?

இனி உலர்ந்ததா என்ற வினா. கூரையில் ஈரக் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நாம் நம்புகிறோம். இது பெரும்பாலும் தவறு. கோபாவில் புகுந்த நீர், கான்கிரீட்டுக்கும் கோபாவுக்கும் இடையே வழி கண்டு ஓடி, தளத்தில் மெல்லிய பிளவு உள்ள இடத்தில் கீழே இறங்கும். கறை படுக்கையறையில் இருக்கும். நீர் புகுந்த வாயிலோ இருபது அடிக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டியின் காலடியில் இருக்கலாம். ஆகவேதான் கறைக்கு மேலே ஒட்டுப்போட்டவர்கள் அடுத்த ஆண்டு ஏமாறுகிறார்கள். ஏமாந்தபின் முழு மாடிக்கும் புதுக் கோபா போடச் சம்மதிக்கிறார்கள்.

நீர் புகும் வாயில்கள் பெரும்பாலும் எங்கெங்கே என்பதை அனுபவம் காட்டியிருக்கிறது. தளமும் கைப்பிடிச் சுவரும் கூடும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்க் குழாய்கள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், தொட்டியின் அடி, தொலைக்காட்சிக் குடையை நிறுத்தத் துளைத்த ஆணித் துளைகள், சுவர் வெடிப்பில் வேரூன்றிய அரசங்கன்று. இவற்றுள் ஒன்றேனும் நடுத்தளத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நடுத்தளம் முழுவதும் புதிதாகப் போட்டு, மூலையையும் குழாய் வாயையும் பழையபடி விட்டால், செலவு முழுவதும் நல்ல இடத்துக்குச் சென்று, நோயுற்ற இடம் நோயோடே இருக்கும்.

நீர் உள்ளே இருக்கும்போதே மேலே மூடிவிட்டால் தீமை இரட்டிப்பாகிறது. மேலே வழி அடைபட்டபின் அந்நீர் வெளியேறக் கீழ் வழி ஒன்றே மிஞ்சுகிறது. அவ்வழியில் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தால் கான்கிரீட் பிளந்து, கூரைப் பூச்சு பாளம் பாளமாக விழும். கட்டிலில் உறங்கும் குழந்தையின் மேல் விழுவது பெரும்பாலும் இந்தப் பாளமே. அது விழும் நாள்வரை மேல்மாடியில் புதுத் தளம் பளபளவென்று அழகாகவே தோன்றும்.

சோதித்தறியும் முறை

மேல் அடுக்கு எப்பொழுதுமே கூடாது என்று நாம் கூறவில்லை. கூடும் இடமும் உண்டு. அதனை அறிய எளிய சோதனைகள் உள்ளன.

முதலாவது, தட்டிப் பார்த்தல். சிறு சுத்தியலால் தளத்தைச் சதுரம் சதுரமாகத் தட்டிச் செல்லுங்கள். கணீரென்ற ஓசை வந்தால் பிடிப்பு நன்று. பானையைத் தட்டினாற்போலப் பொள்ளல் ஓசை வரும் இடங்களில் கோபா அடித்தளத்தை விட்டுவிட்டது என்று பொருள். அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் சிலவேயானால் அவற்றை மட்டும் வெட்டியெடுத்து நிரப்பலாம். மாடி முழுவதும் வட்டமாகிவிட்டால் முழுவதையும் எடுக்கவேண்டியதே.

இரண்டாவது, ஈரம் பார்த்தல். ஒன்றரையடிச் சதுரமான தெளிந்த பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டும் நாடாவால் இறுக ஒட்டி, ஓர் இரவும் பகலும் விடுங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் தளம் இன்னும் ஈரமாக இருக்கிறது. அந்நிலையில் மேலே எதைப் பூசினாலும் மே மாத வெயிலில் உள்ளீரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

மூன்றாவது, அடுக்கை எண்ணுதல். மாடியின் ஓரிடத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கான்கிரீட் வரை வெட்டிப் பார்த்தால், மரத்தின் வளையங்களைப்போல அடுக்குகள் தெரியும். மொத்தக் கனத்தை அளந்து குறித்து வையுங்கள். ஒரே அடுக்காயிருந்து, அது உலர்ந்தும் உறுதியாயும் இருந்தால், அதன்மேல் மற்றொரு கோபா வேண்டியதே இல்லை. பிளவுகளை அடைத்து, மூலைகளை வளைவாகப் பூசி, மெல்லிய ரப்பர்ப் பூச்சோ தார்ப் படலமோ இட்டால் போதும். அத்தகைய படலம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோவுக்கு மேற்போகாது. 190 கிலோ எங்கே, 5 கிலோ எங்கே! இரண்டு அடுக்குகளுக்கு மேல் இருந்தாலோ, கட்டடப் பொறியாளரைக் கொண்டு பார்வையிடச் செய்து, பழையன எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதிது போடுவதே அறிவுடைமை.

பழையதை இறக்கும்போதும் எச்சரிக்கை தேவை. பெருஞ்சம்மட்டியால் இடித்தால் நல்ல தளமும் அதிரும். இடித்த குப்பையை மாடியின் ஒரு மூலையில் குவித்தால் அம்மூலை தாங்காது. அன்றன்றே கீழே இறக்கவேண்டும். புதுத் தளத்துக்கு எட்டு முதல் பத்தடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலேனும் வாட்டம் இருக்கட்டும். வேலை முடிந்தபின், குழாய் வாய்களை அடைத்து, ஓரிரு அங்குலம் நீரை இரண்டு நாள் தேக்கிக் கீழே கறை வருகிறதா என்று பார்த்த பின்னரே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள். மழையே சோதனை செய்யட்டும் என்று விட்டால், சோதனையில் தோற்பவர் நாமாயிருப்போம்.

தகரமும் அட்டையும்

தாராவி அன்பர்களுக்கு உரிய செய்திக்கு வருவோம். தகரத்தின் கணக்கு வேறு. அரை மில்லிமீட்டர்த் தகரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ. சிமெண்ட் அட்டை ஏறத்தாழ 14 கிலோ. இங்கே இடர் எடையால் வருவதைவிடக் காற்றாலும் துருவாலும் வருவது மிகுதி. பழைய தகரத்தின் மேல் புதுத் தகரத்தை ஒட்டப் பரப்பினால், இடையில் சிக்கிய ஈரம் உலர வழியின்றி இரண்டையும் ஒருங்கே அரிக்கும். புதுத் தகரம் மூன்று நான்கு ஆண்டுகளில் அடிப்பக்கமாகவே சல்லடையாகும். மேலும், புதுத் தகரத்தின் ஆணி பழைய தகரத்தையும், துருப்பிடித்த அல்லது கரையான் அரித்த பழைய சட்டத்தையும்தான் பற்றி நிற்கிறது. சட்டம் போனால் இரண்டும் போகும். ஆகவே சட்டத்தைச் சோதியாமல் தகரத்தை மாற்றுவது வீண்.

தகரத்தை மாற்றும்போது பக்கவாட்டில் ஒன்றரை முதல் இரண்டு நெளிவும், மேல்கீழாக 6 அங்குலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும். கொக்கி ஆணியை நெளிவின் மேட்டில் அடிக்கவேண்டும். பள்ளத்தில் அடித்தால் அதுவே மழைக்கு வாயிலாகும். தார்த் தகட்டையோ ரப்பர் வளையத்தையோ மறவாதீர். மும்பைக்குரிய காற்றின் வேகமாக இந்தியத் தர விதி கொள்வது வினாடிக்கு 44 மீட்டர்; மணிக்கு ஏறத்தாழ 158 கிலோமீட்டர். அத்தகைய காற்றில் கூரைமேல் வைத்த செங்கல்லும் கருங்கல்லும் கூரையைக் காப்பதில்லை. அண்டை வீட்டாரின் மேல் விழும் ஆயுதமாகின்றன. கல்லை நீக்கிவிட்டுக் கயிற்றாலும் கொக்கியாலும் சட்டத்தோடு கட்டுவதே முறை.

சிமெண்ட் அட்டைக்கு மட்டும் தனி எச்சரிக்கை உண்டு. 1934-இல் மத்தியப் பிரதேசத்துக் கைமூரில் தொழிற்சாலை அமைந்த நாள் முதலாகவே நம் நாட்டில் கல்நார் கலந்த அட்டைகள் செய்யப்பட்டு வருகின்றன. நம் தலைக்குமேல் உள்ள பழைய நெளிவட்டைகளில் மிகப் பல இவ்வகையே. கல்நாரின் எல்லா வகைகளும் நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக நல நிறுவனம் அறிவித்துள்ளது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் அவர்தம் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 1995-இல் நம் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அட்டை முழுமையாய் அசையாது இருக்கும்வரை தீங்கு குறைவு. அதனை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்தூசியே நஞ்சு. அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் வரும் நோய் இருபது முப்பது ஆண்டு கழித்தே தலைகாட்டும்.

ஆகவே இங்கே நம் விதி சற்றே மாறுகிறது. உடையாத கல்நார் அட்டையைப் பிடுங்கி உடைப்பதைவிட, அதனைத் தொடாமல், சுவரையோ தனிக் கால்களையோ பற்றி நிற்கும் சட்டம் அமைத்து, இடைவெளி விட்டு மேலே தகரம் போடுவது நன்று. இடைவெளியில் காற்றோடுவதால் கோடை வெப்பமும் தணியும். ஆனால் கூரையின் உயரத்துக்கு மாநகராட்சி வரம்பு வைத்திருக்கிறது என்பதை மறந்து உயர்த்திவிட்டு, பின்னர் நோட்டீசு வந்தபின் வருந்துவதில் பயனில்லை. உடைந்த அட்டையை எடுத்தே தீரவேண்டுமானால், நீர் தெளித்து நனைத்து, முழுமையாக இறக்கி, பாலிதீனில் சுற்றிக் கட்டுங்கள். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர். வாயில் துணி கட்டினால் போதாது. பிள்ளைகளை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அட்டையின் மேல் நேரே காலை வைத்து ஏறுவோர் அது முறிந்து கீழே விழுந்து உயிரிழப்பது நாடெங்கும் நிகழ்வது. சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல்தான் நடக்கவேண்டும். கூரையை ஒட்டிச் செல்லும் மின்கம்பிகளைக் கண்ணால் கண்டு, மின்சாரத்தை நிறுத்திய பிறகே தகரத்தைத் தூக்குங்கள்.

ஓட்டு வீடுகளுக்கு ஒரு வரி. 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொழிற்சாலை நிறுவியதிலிருந்து மேற்குக் கரை நெடுகப் பரவிய ஓடுகள் பழைய சால்களின் மேல் இன்றும் காணப்படுகின்றன. அவ்வோடு, அடியில் உள்ள பல்லால் ரீப்பரைக் கவ்வி நிற்பது. ஓட்டின் மேல் ஓடு வைத்தால் கவ்வ இடமில்லை, நழுவும். உடைந்ததை எடுத்துப் புதிதை மாட்டுவதே ஓட்டுக்குரிய வைத்தியம்.

யாருடைய கூரை?

இவ்வளவும் தெரிந்தும் நாம் ஏன் மேலே மேலே அடுக்குகிறோம்? அறியாமை மட்டும் காரணமன்று. பழைய மும்பையில் 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகையை 1940-ஆம் ஆண்டு நிலையில் நிறுத்திவைத்தது. அது குடியிருப்போருக்குப் பெரும் பாதுகாப்பு. ஆயினும் அந்த வாடகையைக் கொண்டு கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளர் முன்வரவில்லை. கட்டடங்கள் சிதைவது கண்டு 1969-இல் பழுதுபார்ப்பு வாரியத்துக்கான சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. அக்காலமெல்லாம் மேல்மாடிக் குடித்தனக்காரர் தம் கைப்பணத்தைப் போட்டு, தம் தலைக்கு நேர் மேலே மட்டும் ஓர் அடுக்குப் போட்டுக்கொண்டார். அடுத்தவர் அதன் பக்கத்தில் இன்னோர் உயரத்தில் போட்டார். இன்று நாம் எண்ணும் அடுக்குகள் அந்தத் தனித்தனிக் கவலைகளின் படிவங்களே.

இப்பொழுது வேறொரு காரணம் வந்துள்ளது. 'கட்டடமே இடிக்கப்பட்டுப் புதிதாக வரப்போகிறதே, இதற்கு ஏன் செலவு?' என்பது. தாராவி மறுசீரமைப்பு 2004-இல் அறிவிக்கப்பட்டது. 2022-இல்தான் ஏலம் அதானி குழுமத்துக்கு முடிவாயிற்று. அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. புது வீடு வரும் நாளில் வரட்டும். அதுவரை பழைய கூரையின் கீழேதான் நம் பிள்ளைகள் உறங்குகிறார்கள். இன்னும் சில ஆண்டுதானே என்று ஊறிய தளத்தின்மேல் 18 டன் ஏற்றுவதைவிட, அந்தச் சில ஆண்டுக்கென எடை குறைந்த தகர மறைப்போ மெல்லிய படலமோ இடுவது பணத்துக்கும் உயிருக்கும் நல்லது.

சொசைட்டிகளில் வாழ்வோர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். மாநிலக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி உபவிதிகளின்படி, மொட்டைமாடியையும் மழைநீர்க் கசிவையும் பழுதுபார்ப்பது சங்கத்தின் செலவு. மேல்மாடிக் குடும்பத்தின் தனிச் செலவன்று. கட்டடத்தின் வயது 15-க்கு மேல் 30-க்குள்ளானால் ஐந்தாண்டுக்கு ஒரு முறையும், 30-க்கு மேற்பட்டால் மூன்றாண்டுக்கு ஒரு முறையும் அதன் உறுதியைப் பொறியாளர் தணிக்கை செய்யவேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. கீழ்த்தளத்தார் "எங்கள் வீட்டில் ஒழுகவில்லையே" என்று கூட்டத்தில் முகம் திருப்பிக்கொள்வதுண்டு. மேலே ஏறும் எடை அவர்கள் வீட்டுத் தூண் வழியாகத்தான் பூமிக்கு இறங்குகிறது என்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

தகரக் கொட்டகை போட விரும்புவோர் முதலில் வார்டு அலுவலகத்தில் அனுமதி கேட்டறிக. மாதுங்காவினர் எஃப் வடக்கு, தாராவியினர் ஜி வடக்கு, செம்பூரில் பெரும்பாலோர் எம் மேற்கு வார்டைச் சேர்ந்தவர்கள். மழைக்காலத்துக்கு மட்டும் போடும் மறைப்புக்கும், ஆண்டு முழுதும் நிற்கும் கூரைக்கும் விதிகள் வெவ்வேறு. கொட்டகையின் கால்கள் தளத்தின் நடுவே நிற்கலாகாது. கீழே தூணும் உத்திரமும் உள்ள இடத்தில் நிற்கட்டும். கால் நடுவதற்காகத் தளத்தைத் துளைத்துப் புது ஒழுக்கை உண்டாக்கிக்கொண்டவர்களும் உளர்.

இனிச் செய்யவேண்டுவது இது. விடுமுறைக்கு ஊர் புறப்படுமுன், ஒரு ஞாயிறு காலையில் மாடியேறி, சுத்தியலால் தட்டி, பாலிதீன் தாள் ஒட்டி, அடுக்குகளை எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். காண்டிராக்டர் வரும்போது விலையைக் கேட்குமுன், "நீர் எங்கே புகுகிறது, பழையதன் எடை எவ்வளவு?" என்ற இரண்டையும் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவரிடம் வேலையை ஒப்படையுங்கள். மே மாத நடுவுக்குள் வேலை முடிந்து, நீர் தேக்கும் சோதனையும் முடிந்துவிடவேண்டும். அதற்கு மேல் ஒரு வாரம் தாமதிப்பதும் மழையோடு ஆடும் சூதாட்டமே. சங்க உறுப்பினர்கள் தத்தம் சொசைட்டிக் கூட்டங்களில் இவ்விஷயத்தை எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.